மெல்ல வளரும் மரம்

"தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான்" என்பது எம்மவரிடையே நெடுங்காலமாய் வழங்கிவரும் பழமொழி. தென்னை ஆறேழு ஆண்டுகளிற் காய்த்து, நட்டவன் கைக்கே பயன் தந்துவிடும். பனையோ பாளை காட்டப் பன்னிரண்டு முதல் இருபது ஆண்டுகள் வரை எடுத்துக்கொள்ளும். வடலிப் பருவத்தில் அது நிலத்தோடு நிலமாய் நிற்கும் காலத்துள் ஒரு பிள்ளை பள்ளி சென்று படிப்பையே முடித்துவிடும். அங்ஙனமிருந்தும் யாழ்ப்பாணத்து முன்னோர் பனங்கொட்டையை மண்ணிற் புதைக்கத் தயங்கினாரல்லர். தமக்கு உதவாவிடினும் தம் மக்களுக்கு உதவும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது.

பனைக்கு அந்த நியாயம் பொருந்தும். ஓலையும் நாரும், பழமும் கிழங்கும், ஈற்றில் வீட்டுக்கு வளையும் சிலாகையுமென அதன் பயன் பல. ஆனால் உண்ணக் கனியில்லை, சூடப் பூவில்லை, தறித்து விற்க மரமில்லை, ஆண்டொன்றுக்குச் சில அங்குலத்துக்கு மேல் வளரும் எண்ணமும் இல்லை. இத்தகைய ஒரு செடியை முற்றத்தில் வைத்து ஆண்டாண்டாய்ப் பேணுபவரை என்னென்பது? என் தந்தையார் அத்தகையவர். அவர் வைத்த மரம் இன்றும் எம் வீட்டு வாசலில் நிற்கின்றது. அம்மரத்தைப் பற்றியும், அதுபோன்ற ஒன்றைத் தம் வளவில் வைக்க விரும்புவோர் அறிந்திருக்க வேண்டியவற்றைப் பற்றியும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சவுக்கு அன்று

எம் வாசலில் நிற்பது தூஜா. முட்டையொன்றைக் கூர்முனை மேலாக நிறுத்தி வைத்தாற் போன்ற வடிவம். மாரி மழைக்குப் பின் துளிர்க்கும்போது நுனிகளெல்லாம் பொன்னிறம் கொள்ளும். கோடை முற்ற முற்ற அந்நிறம் மங்கி இளம்பச்சையாகும். வீட்டுக்கு வருவோரில் ஒருவர் அதனைச் 'சைப்பிரஸ்' என்பார். இன்னொருவர் 'கிறிஸ்மஸ் மரம்' என்பார். 'சவுக்கில் இது ஒரு சாதி போலும்' என்று முடிவு கட்டுவோரும் உளர்.

சைப்பிரஸ் என்பார் கூற்றில் உண்மை உண்டு. அதுவும் தூஜாவும் ஒரே குடும்பத்தவை. சவுக்கு என்பார் கூற்றே முற்றிலும் பிழையானது. நத்தார்க் காலத்தில் எம்மூர்களிற் சவுக்கங் கிளையை நட்டு அலங்கரிக்கும் வழக்கம் இருப்பதால் இம்மயக்கம் தோன்றியது போலும். சவுக்கின் 'ஊசியிலை' உண்மையில் இலையன்று. கணுக்கணுவாய் அமைந்த பச்சைச் சிறுகிளை. அதனை இரு விரல்களாற் பற்றி மெல்ல இழுத்தாற் கணுவில் கழன்று வரும். அக்கணுவைச் சுற்றிப் பல் போல் நிற்கும் நுண்ணிய செதில்களே அதன் இலைகள். சவுக்குப் பூக்கும் தாவரம். கூம்பு போல் தோன்றும் அதன் காய் பல சிறு கனிகளின் திரள். ஆசிரிய நண்பர்கள் ஒரு சவுக்கங் கிளையையும் ஒரு தூஜாக் கிளையையும் வகுப்புக்குக் கொண்டு சென்று மாணவர் கையில் கொடுப்பாராயின், பாடநூலின் பல பக்கங்கள் கற்பிக்க வேண்டியதை அவ்விரு கிளைகளும் கற்பித்துவிடும்.

தூஜாவுக்குப் பூவில்லை, பழமில்லை. அதன் வித்துக்கள் கூம்பின் செதில்களின் மேல் மூடியின்றி அமர்ந்திருக்கும். ஆதலின் இதனை வித்துமூடியிலிகள் என்ற பெரும் பிரிவில், கூம்பு தாங்கும் மரங்களோடு சேர்ப்பர். இலங்கைத் தீவில் இயற்கையாய்த் தோன்றிய கூம்பு மரம் ஒன்றேனும் இல்லை. தென்னிந்தியாவின் மேற்கு மலைக் காடுகளுக்கு உரியது ஒன்றே ஒன்றுண்டு. அதுவும் கடல் கடந்து இங்கு வரவில்லை. நுவரெலியாவில் நாம் காணும் சைப்பிரஸ் வரிசைகளும், மலைச் சரிவுகளை மூடி நிற்கும் பைன் தோப்புகளும், 1861இல் சிங்கோனாச் செய்கைக்கெனத் தொடங்கப்பெற்ற ஹக்கலைத் தோட்டத்தில் வானளாவி நிற்கும் ஊசியிலை மரங்களும் மனிதர் கையால் வந்தவையே. எம் வாசல் மரமும் அவ்வாறு வந்த விருந்தாளிதான்.

தாள்கள் நிறுத்திய புத்தகம்

தூஜாவின் இலை மிகச் சிறியது. இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் நீளமே உடையது. மீன் செதில்போல் ஒன்றின் மேலொன்றாய்த் தண்டோடு ஒட்டிக் கிடக்கும். செதிலிலைகள் போர்த்த சிறுகிளைகள் தட்டையாக விரிந்து, நிலத்துக்குச் செங்குத்தாக நிற்கும். அலமாரியில் நிறுத்திய புத்தகத்தின் தாள்களை ஓரத்திலிருந்து பார்ப்பது போன்ற தோற்றம் இதனால் உண்டாகிறது. வட இந்தியாவில் இதற்கு 'மோர்பங்கி', அதாவது மயிலிறகு என்றொரு பெயரும், 'வித்யா' என்றொரு பெயரும் உண்டு. அங்குள்ள பிள்ளைகள் கல்வி பெருகுமென்று நம்பி இதன் இலையைப் பாடப்புத்தகத்துள் வைப்பர். குட்டி போடும் என்று நம்பி மயிலிறகைப் புத்தகத்துள் வைத்துக் காத்திருந்த எமக்கு இந்த வழக்கம் அந்நியமன்று. என் தங்கை இரண்டையும் ஒரே புத்தகத்தில் வைத்திருந்தாள். மயிலிறகு குட்டி போடவில்லை. தூஜாவோ காய்ந்தும் வடிவு குலையாதிருந்தது.

இம்மரத்தின் தாயகம் சீனாவும் கொரியாவும். மழை குறைந்த வட சீனத்து மேட்டு நிலங்களில், மண்ணரிப்பைத் தடுக்கவென இதனைப் பெருந்தொகையாக நட்டிருக்கின்றனர். கோயில் முற்றங்களிலும் கல்லறைத் தோட்டங்களிலும் நட்டுப் பேணுவதும் அந்நாட்டவரின் பழைய வழக்கம். பீக்கிங் மாநகர் தனக்குரிய மரங்களில் ஒன்றாக இதனைக் கொண்டுள்ளது. ஷான்சி மாகாணத்தில், மஞ்சள் பேரரசன் எனப் போற்றப்படும் ஹுவாங்டியின் கல்லறை வளாகத்தில் இதன் மிகப் பழைய மரங்கள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை அப்பேரரசனே தன் கையால் நட்டான் என்பது அங்கு வழங்கும் ஐதிகம். ஐதிகத்தை ஒருபுறம் வைத்தாலும், இம்மரம் ஆயிரம் ஆண்டுகளையும் கடந்து வாழ வல்லது என்பதில் ஐயமில்லை.

சுவீடன் நாட்டு அறிஞர் லினேயசு 1753இல் இதற்குத் 'தூஜா ஓரியண்டாலிஸ்', அதாவது கீழைத் தூஜா எனப் பெயரிட்டார். பின்வந்தோர், அமெரிக்கத் தூஜாக்களின் வித்துக்குச் சிறகுண்டு, இதன் வித்துக்குச் சிறகில்லை என்பது போன்ற வேறுபாடுகளைக் கண்டு இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்தனர். 1949இல் போர்த்துக்கல் நாட்டுத் தாவரவியலாளர் பிராங்கோ சூட்டிய 'பிளாற்றிக்கிளாடஸ் ஓரியண்டாலிஸ்' என்ற பெயரே இன்று நூல்களில் உள்ளது. தோட்டக்காரர் வாயில் மட்டும் அது இன்னும் தூஜாவாகவே இருக்கிறது. நானும் அவ்வாறே அழைக்கிறேன்.

'உயிர் மரம்' என்ற பெயரும் இதற்கு உண்டு. அப்பெயர் முதலில் அமெரிக்க உறவு மரத்துக்கு வந்தது. 1535ஆம் ஆண்டு மாரியில், கனடாவில் பனிக்கட்டியிடையே அகப்பட்ட பிரெஞ்சு மாலுமி ஜாக் கார்த்தியேயின் ஆட்கள் ஸ்கேவி நோயால் ஒருவர் பின் ஒருவராய் மாண்டனர். அந்நாட்டுப் பழங்குடியினர் ஒரு மரத்தின் இலையையும் பட்டையையும் அவித்துக் கொடுத்து எஞ்சியோரைக் காப்பாற்றினர். அம்மரம் தூஜாவே என்பது பலர் கொள்கை. இதனைப் படித்துவிட்டு எவரும் வீட்டுத் தூஜாவை அவித்துக் குடிக்க முற்பட வேண்டாம். இவ்வகை மரங்களின் இலை எண்ணெயில் நரம்புகளைத் தாக்கும் நஞ்சுப் பொருள் உண்டு.

பால்மாத் தகரத்தில் வந்த செடி

என் தந்தையாரும் ஆசிரியர். இடமாற்றம் பெற்று மலைநாட்டிற் சில ஆண்டுகள் கற்பித்தவர். 1978 தை மாதம் ஊர் திரும்பியபோது, அடியில் ஆணியால் துளையிட்ட பால்மாத் தகரமொன்றில் இச்செடியைக் கொண்டுவந்தார். பொல்காவலையில் வண்டி மாறி, இரவு முழுவதும் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டே பயணம் செய்தாராம். எனக்கு அப்போது வயது 12. பொம்மையோ புத்தகமோ கிடைக்குமென்று ஓடிப்போன எனக்கு அந்தத் தகரம் பெரும் ஏமாற்றமாயிற்று.

அவர் அதனை வாசலின் இடப்புறத்தில் நட்டுக்கொண்டிருக்கையில் அயலவரான பெரியவர் ஒருவர் படலையைத் திறந்துகொண்டு வந்து பார்த்தார்.

"மாஸ்ரர், உது எப்ப மரமாகிறது?"

"அண்ணை, உது இப்பவே மரந்தான்" என்றார் தந்தையார், மண்ணைக் கையால் அழுத்தியபடியே.

அன்று மாலை ஒரு குறிப்பேட்டில் '1978 தைப்பொங்கல் – 9 அங்குலம்' என்று எழுதினார். அன்று முதல் ஆண்டுதோறும் பொங்கலன்று, பொங்கிப் படைத்து முடிந்ததும், அடிமட்டத்தோடு முற்றத்தில் இறங்குவது வழக்கமாயிற்று. 1979இல் 10½ அங்குலம். ஓராண்டு முழுவதும் காத்திருந்து பெற்றது ஒன்றரை அங்குலம்! ஊரில் ஒரு முருங்கைத் தடி அதே காலத்தில் கூரையைத் தாண்டிவிடும். "அது கீழே வளருகிறது, வேர் பிடிக்க வேண்டாமா?" என்பார் அவர். 1985இல் 27 அங்குலம், 1995இல் 58.

மண்ணும் நீரும்

தூஜாவை வைக்க விரும்புவோர் முதலிற் கவனிக்க வேண்டியது எவ்வகைச் செடி என்பதையே. இம்மரத்தின் இயல்பான வகை ஐம்பது, அறுபது அடி உயரம் வளரக்கூடியது. சிறு முற்றத்துக்கு உகந்தது 'ஓரியா நானா' எனப்படும் பொன்னிறக் குள்ள வகை. பத்து ஆண்டுகளில் இரண்டு முதல் மூன்று அடியே வளரும். கூம்பு மரம் என்ற பெயரில் அரோக்கேரியாவைச் சாடியில் விற்பதும் உண்டு. தட்டுத் தட்டாகக் கிளை விரிக்கும் அதன் அழகில் மயங்கி, சாடிக்குள் அது அடங்கி நிற்பதை மெல்ல வளர்தல் எனக் கருதி, முற்றத்தில் இறக்கி நடுவோர் பின்னர் வருந்துவர். பசிபிக் தீவிலுள்ள தாயகத்தில் அது நூற்றைம்பது அடியையும் தாண்டும் மரம்.

மண்ணைப் பொறுத்தவரை யாழ்ப்பாணத்தார் கவலைப்பட வேண்டுவதில்லை. ஊசியிலை மரங்களிற் பல சுண்ணாம்பை வெறுப்பவை. தூஜாவோ சுண்ணக்கல் நிலத்தையும் கிணற்று நீரின் வன்மையையும் பொறுத்துக்கொள்ளும். எம் செம்பாட்டு மண்ணில் நீர் தங்காது என்பதும் அதற்கு உகந்ததே. கடற்கரையை அடுத்த உவர்நிலத்திலும், மாரியில் வெள்ளம் நிற்கும் பள்ளத்திலும் நடலாகாது. ஒன்றரை அடி ஆழமும் அகலமுமாகக் குழி வெட்டி, மக்கிய மாட்டெருவை ஒரு கூடை கலந்து, சாடியில் இருந்த அதே மட்டத்தில் நட வேண்டும். கழுத்தை மண்ணாற் புதைத்தாற் பட்டை அழுகும். பெருமழை ஓய்ந்து நிலத்தில் ஈரம் எஞ்சியிருக்கும் தை மாதமே நடுவதற்கு ஏற்ற காலம் என்பது தந்தையாரின் முடிவு. என் அனுபவமும் அதுவே.

நாள் முழுவதும் வெயில் படும் இடமாயிருத்தல் நன்று. நிழல் விழும் பக்கத்துக் கிளைகள் மெலிந்து பழுப்பாகும். ஒருமுறை பட்டுப்போன கிளை மீண்டும் தளிர்ப்பதில்லை. ஆதலின் குறோட்டனோ செவ்வரத்தையோ அதன்மேற் சாய விடலாகாது. முதல் இரண்டு கோடைகளில் மூன்று நாட்களுக்கொரு முறை ஒரு வாளி நீர் வேண்டும். அதன் பின்னர் வாரமொரு முறை போதும். ஐந்தாண்டு கடந்தபின் கடுங்கோடையில் மட்டும் நீர் வார்த்தாற் போதுமானது. எரு ஆண்டுக்கொரு முறை, அதுவும் கொஞ்சமாக இடுக. விரைந்து வளரட்டுமென்று உரத்தை அள்ளி இட்டாற் கிளைகள் நீண்டு தளர்ந்து, முட்டை வடிவம் குலைந்துவிடும்.

சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒழுங்கைப் புழுதி இலைகளிற் படியும். அப்புழுதியிலும் வறட்சியிலும் கண்ணுக்குப் புலப்படாத செந்நிறச் சிற்றுண்ணிகள் பெருகிச் சாற்றை உறிஞ்சும். வாரமொரு மாலை நீரை விசிறி இலைகளைக் கழுவிவிட்டால் மருந்து தேவைப்படாது. மரத்தின் உட்புறத்து முதிய இலைகள் பழுப்பாகி உதிர்வது கண்டு அஞ்ச வேண்டாம், அது இயல்பு. நுனி பழுத்தாலே கவலை கொள்ள வேண்டும்.

என் இரு பிழைகள்

இவற்றையெல்லாம் நான் எளிதிற் கற்றேனல்லன். 1986இல், எனக்கு இருபது வயதிருக்கும்போது, ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் பந்துபோல் உருட்டி வெட்டப்பட்ட மரமொன்றின் படம் பார்த்தேன். தந்தையார் வெளியே சென்றிருந்த நேரத்தில் பெரிய கத்தரியை எடுத்து எம் தூஜாவின் கீழ்ப்புறத்தை வெட்டத் தொடங்கினேன். பச்சை முடிந்து பழுப்பு மரம் தெரிந்த பின்னும் கை நிற்கவில்லை. தேசி மரத்தையும் செவ்வரத்தையையும் எங்கே வெட்டினாலும் தளிர்க்கும். எல்லா மரமும் அப்படித்தான் என்று எண்ணினேன். கூம்பு மரங்களிற் பெரும்பாலானவை அத்தகையவை அல்ல. இலை தாங்கிய பச்சைக் கிளையில் வெட்டினாலே மீண்டும் துளிர்க்கும். இலையற்ற பழைய மரத்தில் உறங்கும் முகைகள் இல்லை. நான் வெட்டிய இடத்தில் உள்ளங்கை இரண்டு கொள்ளத்தக்க ஓட்டை விழுந்தது.

தந்தையார் மாலையில் வந்து பார்த்தார். ஏசவில்லை. அடுத்த பொங்கலன்று உயரத்தை எழுதியபின், அதன் கீழே 'ஓட்டை – 7 அங்குலம்' என்றும் எழுதினார். அதற்கடுத்த ஆண்டும் எழுதினார். ஓட்டை தானாக நிரம்பவில்லை. அயற்கிளைகள் ஆண்டுக்கு அரையங்குலம், முக்காலங்குலமாய் நீண்டு அதனைச் சிறிது சிறிதாக மறைத்தன. குறிப்பேட்டில் அவ்வரி முற்றாக மறைய 12 ஆண்டுகளாயின. அவர் ஏசியிருந்தால் ஒரு நாளில் மறந்திருப்பேன்.

இரண்டாவது பிழை அன்பினால் விளைந்தது. ஆசிரியனாகி முதற் சம்பளம் பெற்றபோது எனக்கென ஒரு தூஜாவை வாங்கி விறாந்தையிற் சாடியில் வைத்தேன். சாடியின் கீழே தட்டொன்று வைத்து, காலையும் மாலையும் நீர் வார்த்தேன். செடி பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு நாள் இலையைத் தொட்டபோது அது காகிதம்போற் சரசரத்தது. தகரத்தை வெட்டுவது போலிருந்த மண்ணைக் கிளறிப் பார்த்தேன். வேர்கள் கறுத்து அழுகியிருந்தன. நீர் தேங்கிய மண்ணில் வேரழுகல் நோய் பற்றி, செடி இறந்து பல வாரங்கள் ஆகியிருக்க வேண்டும். வாழையோ கத்தரியோ வாடினால் அன்றே தலை கவிழ்ந்து சொல்லிவிடும். இம்மரம் வளர்வதில் மட்டுமன்றி இறப்பதிலும் மெல்லவே செல்வது. வேர் இறந்த செய்தி இலைக்கு எட்டுமுன் காலம் கடந்துவிடும். ஆதலின், விரலை இரண்டு அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் காய்ந்திருந்தால் மட்டுமே நீர் வார்க்க வேண்டும் என்பதைச் சாடியில் வளர்ப்போர் மறத்தலாகாது.

ஏன் மெல்ல வளர்கிறது?

மாணவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்ட வினா இது. விடை மரத்தின் உள்ளே இருக்கிறது. முருங்கை போன்ற பூக்கும் மரங்களின் காழில் அகன்ற, நீண்ட கலன்கள் உண்டு. நீர் அவற்றின் வழியே வாய்க்காலிற் பாய்வது போல் விரைந்து ஏறும். கூம்பு மரங்களில் அக்கலன்கள் இல்லை. குழற்போலிகள் எனப்படும் ஒடுங்கிய குட்டைக் குழாய்கள் மட்டுமே உண்டு. நீர் ஒன்றின் பக்கச் சுவரிலுள்ள நுண்குழி வழியே மற்றொன்றுக்குப் புகுந்து புகுந்து மேலேற வேண்டும். நீர் மெல்ல ஏறினால் வளர்ச்சியும் மெல்லத்தானே நிகழும்?

ஆனால் கோடை வந்து மண் வறளும்போது கதை மாறுகிறது. அகன்ற கலனில் நீர்நிரல் அறுந்து வளி புகுந்துவிட்டால் அந்த நீண்ட வழி முழுவதும் பயனற்றுப் போகும். ஒடுங்கிய குழற்போலியில் நீர்நிரல் எளிதில் அறுவதில்லை. ஒன்றில் அறுந்தாலும் தீங்கு அதனோடு நின்றுவிடும். செதிலிலை சிறியதாகையாலும், அதன்மேல் மெழுகுப் படை இருப்பதாலும் ஆவியுயிர்ப்பில் இழக்கும் நீரும் குறைவு. இலை சிறிதானால் உணவு உற்பத்தியும் சிறிதே. அதனாலும் வளர்ச்சி குன்றும். எம் குள்ள வகையில் அதன் பிறவிக் குணமும் சேர்ந்துகொள்கிறது. ஆக, இம்மரத்தை மெல்ல வளரச் செய்யும் அமைப்பும், வறட்சியில் அதனைச் சாகாமற் காக்கும் அமைப்பும் ஒன்றே. ஒன்றை விலக்கி மற்றதைப் பெற இயலாது. இதனை நான் வகுப்பறையிற் பல ஆண்டுகள் கற்பித்தேனாயினும், அதன் பொருளை உணர்ந்தது வேறோரிடத்தில்.

1996 – அளக்கவில்லை

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு வலிகாமத்து மக்கள் அனைவரும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சி நோக்கிப் புறப்பட்டது இவ்விதழின் வாசகர் பலர் அறிந்த, பலர் தாமே நடந்த நடை. அதனை இங்கு விரித்தல் வேண்டா. எழுபது வயதான தந்தையாரைச் சைக்கிளின் பின் இருத்தி, இரு பைகளோடு நாமும் புறப்பட்டோம். உறுதிகளும் சான்றிதழ்களும் இருந்த பையில் அந்தக் குறிப்பேடும் இருந்ததைப் பின்னர்தான் கண்டேன். படலையடியில் அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மழை பெய்துகொண்டிருந்தது; மரத்துக்கு நீர் வார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

அவ்வாண்டு மாரி போயிற்று. தை வந்தது, பொங்கல் மீசாலையில் ஓர் உறவினர் வீட்டுத் தாழ்வாரத்தில், இருபது பேருக்கு நடுவே கழிந்தது. பின்னர் வெயில் ஏறத் தொடங்கியது. மாசி, பங்குனி முழுவதும் ஒரு துளி நீர் வார்ப்பாரின்றி முற்றம் கிடந்தது.

1996 சித்திரையில் ஊர் திரும்பினோம். கூரையில் பாதி இல்லை, கதவு நிலைகள் இல்லை, கிணற்றில் குப்பை. ரோசாச் செடிகள் இருந்த இடமே தெரியவில்லை. குறோட்டன்கள் காய்ந்த குச்சிகளாய் நின்றன. மல்லிகைப் பந்தல் சரிந்து தூஜாவின் மேற்குப் பக்கத்தை முழுவதுமாய் மூடியிருந்தது. பந்தலை நானும் தம்பியும் தூக்கி எடுத்தோம். மூடியிருந்த பக்கம் பழுப்பாகிப் பட்டுப்போயிருந்தது. மற்ற மூன்று பக்கங்களும் புழுதி படிந்து, ஆனால் உயிரோடிருந்தன. தந்தையார் ஒரு நுனியைக் கையிலெடுத்துப் புழுதியைத் துடைத்தார். உள்ளே பச்சை.

மரம் எமக்காகக் காத்திருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் மரம் எவருக்காகவும் காத்திருப்பதில்லை. குறைந்த நீரில், குறைந்த உணவில், அவசரமின்றி வாழும் இயல்பினால் அது தப்பியது. விரைந்து வளர்ந்தவை விரைந்து மாண்டன. அன்று குழற்போலியின் பொருள் எனக்கு விளங்கியது.

குறிப்பேட்டில் அவர் '1996 – அளக்கவில்லை' என்று எழுதினார். 1997 பொங்கலுக்கு, '61½ அங்குலம். இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 3½' என்று எழுதினார். மேற்குப் பக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. பட்ட கிளைகளை வெட்டவும் விடவில்லை. அப்பக்கம் இன்றும் மெலிந்தே காணப்படுகிறது. மாலை வெயிலிற் பார்த்தால் மரத்தினூடாக மதில் தெரியும்.

1999இல் மரம் என் உயரத்தை எட்டியது. தந்தையார் காலமான 2003ஆம் ஆண்டின் பொங்கற் குறிப்பு 79 அங்குலம். எழுத்து நடுங்கியிருக்கிறது, எண்ணில் பிழையில்லை. அதன் பின்னுள்ளவை என் கையெழுத்து. இவ்வாண்டு 98. இப்போது ஆண்டுக்கு ஓரங்குலமும் வளர்வதில்லை.

புதிய பக்கம்

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கின்றனர். இந்த வளவு எமக்குப் பின் யார் கைக்குப் போகுமோ, வாங்குபவர் வாசலில் இம்மரத்தை விட்டுவைப்பரோ, வாகனம் நிறுத்த இடம் தேடுவரோ, நான் அறியேன். இத்தனை வயதான தூஜாவைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதும் இயலாத காரியம். வேர் குலைந்தால் அது பிழைக்காது.

ஆதலின் இரண்டாண்டுகளுக்கு முன் வித்துச் சேகரித்தேன். இளங்கூம்புகள் நீலம் பூத்த பச்சை நிறத்தில், கொக்கிபோல் வளைந்த நுனிகளோடு அழகாயிருக்கும். பழுப்பாகிச் செதில் விரியும் தருணத்தில் பறித்துக் காகிதத்தில் இட்டால் வித்துக்கள் உதிரும். கோதுமை மணி அளவினவான அவ்வித்துக்களுக்குச் சிறகில்லை. காற்றிற் பறந்து தூரம் போக இயலாதவை. ஒருவர் எடுத்துச் சென்றாலன்றித் தாய் மரத்தின் காலடியிலேயே கிடப்பவை. மணலும் மக்கிய எருவும் கலந்த தட்டில் தூவி, மெல்லிய மண் போர்த்து, ஈரம் காயாது பார்த்தால் சில வாரங்களில் முளைக்கும். முதலில் தோன்றும் இரு வித்திலைகளும், அவற்றின் பின் வருவனவும் ஊசிபோல் மென்மையானவை. செதிலிலை பின்னரே வரும். தாயைப் போன்ற அச்சொத்த குள்ளச் செடி வேண்டுவோர் பதியன் வைத்தோ, அடிப்பட்டையோடு கிள்ளிய சிறுகிளையை மணலில் ஊன்றியோ பெற வேண்டும். வித்திலிருந்து வருவன தத்தம் விருப்பப்படி வளரும். சில பொன்னிறம் காட்டும், சில பச்சையாகவே நிற்கும், சில தாயை மீறி உயரும்.

பன்னிரண்டு முளைத்தன. ஒன்பதை மாரி வெள்ளமும் நத்தைகளும் கொண்டுபோயின. எஞ்சிய மூன்றும் இப்போது பால்மாத் தகரங்களில், விறாந்தைப் படியோரம் இருக்கின்றன. பள்ளி மாணவர் இருவர் தமக்கு ஒவ்வொன்று வேண்டுமென்று கேட்டிருக்கின்றனர், கொடுக்க இசைந்துள்ளேன். செடியோடு ஒரு குறிப்பேடும் கொடுப்பதாக எண்ணம். மூன்றாவது எம் வளவிலேயே, தாய் மரத்துக்கு எதிர்ப்புறம் நிற்கும். அது என் தோளளவு வளர்வதை நான் காணப்போவதில்லை. பனை வைத்தவனுக்குப் பார்க்கும் பேறாவது உண்டு என்றது பழமொழி. எனக்கு முளை கண்ட மகிழ்ச்சியே போதும்.

சென்ற பொங்கலன்று பெரிய மரத்தை அளந்த பின்னர், தந்தையாரின் குறிப்பேட்டில் ஒரு புதிய பக்கம் திருப்பி இவ்வாறு எழுதினேன்: முதற் கன்று 2½ அங்குலம். இரண்டாவது 2. மூன்றாவது 1¾.